இரண்டு பிறந்தநாள்களுக்கு நடுவே ஒரு கடல்

என் மகளுக்கு வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உரிய ஆங்கிலத் தேதி. அன்றைக்கு கேக். இன்னொன்று அவளுடைய தாத்தாவுக்கு உரிய நட்சத்திரப் பிறந்தநாள். அன்றைக்கு அர்ச்சனை, பாயசம். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுவது அபூர்வம். போன வருடம் இரண்டுக்கும் நடுவில் பதினெட்டு நாள் இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் நான் என் மாமனாருக்குக் கொடுத்த வாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிரேக்கத் தீவைச் சுற்றி வந்தேன்.

தீவின் பெயரைச் சொல்லவில்லை. டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அதைத் தவறாகத்தான் உச்சரிப்பார்கள், நான் உட்பட. வெள்ளை வீடுகள், நீலக் கூரைகள், முன்னால் தொப்பி பிடித்தபடி ஒரு பெண். அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும்.

மாமா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்லிக்கு வந்து அவர் இந்தி கற்றுக்கொண்டார். ஆனால் அந்த இந்தியும் திருநெல்வேலியில்தான் பிறந்து வளர்ந்திருக்கும். அத்தை போன பிறகு எங்களோடு இருக்கிறார். மதியம் பள்ளிப் பேருந்து வரும் நேரத்துக்கு வாசல் கேட்டில் குடையோடு நிற்பது அவர்தான். அவர் இல்லையென்றால் நான் வேலைக்குப் போக முடியாது. அவருடைய பொழுதுபோக்கு ஜாதகம். கைபேசியில் அதற்கென்று ஒரு செயலி வைத்திருக்கிறார். அது சொல்வதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் நம்புவார்.

மகள் பிறந்த அன்று அவர் போட்ட கணக்கில் ஒன்று வந்தது: ஐந்து வயது முடியும்வரை நீரில் கண்டம். அதனால் குடியிருப்பின் நீச்சல் குளத்துப் பக்கம் அவள் போனதில்லை. நான் அறிவியல் பட்டதாரி. இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் ஐந்து வருடமாக அவளைக் குளிப்பாட்டும் வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பியதும் இல்லை.

என் கணவர் விமானச் சரக்குக் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். சலுகை டிக்கெட் கிடைத்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காலை பத்து முதல் மாலை ஐந்துவரை, கேட்டமரான் என்ற இரட்டைப் படகில் தீவைச் சுற்றி ஒரு முழு நாள். பணம் கட்டியாகிவிட்டது, திரும்பி வராது.

"படகா? அவளுக்குக் கண்டம் இருக்கே."

"அரே யார், அஞ்சு முடிஞ்சாச்சு. கேக் வெட்டினோம்ல? மெழுகுவத்தி வச்சது நீதானே?"

"உங்க அப்பா கணக்குல முடியலையே."

"அப்பாகிட்ட யார் சொல்லப் போறா?"

டெல்லியிலேயே பிறந்தவர்களுக்கு எல்லாமே இப்படி எளிதாகத்தான் இருக்கிறது. நான் ஹோட்டலிலேயே மகளோடு இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். வாயில் வரவில்லை. காரணத்தை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கே ஆசை.

கிளம்புவதற்கு முந்தைய மாலை, பெட்டி திறந்து கிடந்த கட்டிலின் ஓரத்தில் டீ டம்ளரோடு மாமா வந்து உட்கார்ந்தார்.

"தாயி, ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. இந்த ஆனியில பிள்ள நட்சத்திரம் ரெண்டு மட்டம் வருது. ஆனி பொறந்த ஒடனே ஒண்ணு வந்து போயாச்சு. ரெண்டாவது வாறதுதான் கணக்கு. அது மாசக் கடைசியில. அதுவரைக்கும் அவ காலு கடல் தண்ணில படப்பிடாது."

"சரி மாமா, அவர்கிட்டயும் சொல்லிடறேன்."

"அவன் சரின்னா நான் நம்ப மாட்டேன். அவன் பொறந்ததுலேருந்து சரி சரின்னுதான் சொல்லுதான். நீ சொல்லு. நீ சொன்னா நான் நிம்மதியா தூங்குவேன்."

"அவ கால் கடல்ல படாது மாமா. நான் பொறுப்பு."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். ஒப்பந்த வாசகத்தில் எதிர்த்தரப்பு நுழைந்து தப்பக்கூடிய சந்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாமா 'கடலுக்குப் போகக் கூடாது' என்று சொல்லவில்லை. 'கால் படக்கூடாது' என்றார். படகில் போனால் கால் படாது. சந்து கிடைத்துவிட்டது. அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

அங்கே போன பிறகு தினமும் காலையில் மாமாவிடமிருந்து வாட்ஸப்பில் ராகு காலம் வந்தது. டெல்லி ராகு காலம் அல்ல; அந்தத் தீவின் சூரிய உதயத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டு அனுப்பியது. படகு நாள் வெள்ளிக்கிழமை. பதினொன்றரையிலிருந்து ஒன்றே கால்வரை என்று எழுதியிருந்தார். படகு பத்து மணிக்கே கிளம்பிவிடும். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகுதான், அவரை ஏமாற்றுவதற்கு அவருடைய கணக்கிலேயே நல்ல நேரம் பார்க்கிறேன் என்பது உறைத்தது. உறைத்தும் கிளம்பினேன்.

துறைமுகத்தில் முதல் சிக்கல். படகில் ஏறும் இடத்தில் ஒரு கூடை. எல்லோரும் செருப்பைக் கழற்றி அதில் போட வேண்டும். படகில் வெறுங்காலோடுதான் நடக்கலாம். நான் மகளுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டு அழைத்து வந்திருந்தேன். படகில் வேலை செய்த பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ். அதையும் கழற்றினாள். உள்ளே இன்னொரு ஜோடி. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"குளிருமோ என்று..." என்றேன். ஜூலை மாத வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

சாக்ஸுக்கு அனுமதி கொடுத்துவிட்டாள். இரண்டு ஜோடியையும் திரும்பப் போட்டுவிட்டேன். என் கணவர் படகோட்டியிடம் போய், கேட்டமரான் என்ற பெயரே எங்கள் மொழியிலிருந்து வந்ததுதான், கட்டு, மரம் என்று விளக்க ஆரம்பித்தார். படகோட்டி தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டு, "இந்தியாவிலிருந்து வரும் எல்லாக் கணவர்களும் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்றார். கணவர் அமைதியானார். அரை மணி நேரத்தில் இன்னும் அமைதியானார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகின் முன்பக்கம், இரண்டு படகுடல்களுக்கும் நடுவே கட்டியிருந்த பெரிய வலையில் போய்க் குப்புறப் படுத்தவர், சாயங்காலம்வரை ஒரு சாமான் போலத்தான் கிடந்தார்.

வலைக்கு அடியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நீலம் நான் அதுவரை ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தேன்: ஹோலிக்கு மறுநாள் எங்கள் குளியலறைத் தரையில். மலை உச்சியில் வெள்ளை வீடுகள், யாரோ உப்புப் பொட்டலத்தைக் கவிழ்த்துவிட்டுப் பெருக்காமல் போனது போல. மற்றவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். நான் படகோட்டியிடம் கேள்வி கேட்டேன். உயிர்காப்பு அங்கி குழந்தை அளவில் எத்தனை இருக்கிறது? கவிழ்ந்தால் எந்தப் பக்கம் கவிழும்? நீங்கள் கடைசியாகக் கண் பரிசோதனை செய்தது எப்போது? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கண்ணுக்கு மட்டும் சொல்லவில்லை.

மகளுக்கும் அந்த வலையில் படுக்க ஆசை. "அம்மா, நானும் லேட்டூ?"

"வேண்டாம். கீழேருந்து தண்ணி தெறிக்கும். கால் நனையும்."

"கால் நனைஞ்சா க்யா ஹோகா?"

"தாத்தாவுக்குப் பிடிக்காது."

இது நல்ல பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். குழந்தைகளிடம் ரகசியம் காக்கச் சொல்லக் கூடாது என்று நான் படித்திருக்கிறேன். அது மிகவும் தவறாம். அதனால் படகைப் பற்றித் தாத்தாவிடம் சொல்லாதே என்று நான் சொல்லவே இல்லை.

"தாத்தாகிட்ட சொல்லக் கூடாதா?" என்று அவளே கேட்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு இல்லம்மா. சொல்லியே ஆகணும்னும் இல்ல."

அவள் யோசித்தாள். ஐந்து வயது, ஆங்கிலக் கணக்கில். "கால் சூக்கா, நனையாம இருந்தா போதுமா?"

"போதும்."

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என் மகள்தான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு சிறு வளைகுடாவில் நங்கூரம் போட்டார்கள். பின்பக்கம் படகோட்டி மீன் சுட ஆரம்பித்தார். எங்களுக்குத் தக்காளியும் பாலாடைக்கட்டியும், அரிசியை இலையில் பொதிந்து வேகவைத்த ஏதோ ஒன்றும் வந்தன. மகள் அதற்குத் தொட்டுக்கொள்ள கெட்சப் கேட்டாள். நான் டப்பாவில் கொண்டுபோயிருந்த எலுமிச்சம் சாதத்தை ஒரு தேனிலவுத் தம்பதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் கடலில் குதித்து நீந்தினார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கைபேசி அடித்தது. மாமா. வீடியோ அழைப்பு.

அவர் எப்போதும் டெல்லி நேரம் மாலை ஏழரைக்கு, நடைப்பயிற்சி முடித்துவிட்டுத்தான் கூப்பிடுவார். அங்கே ஏழரை என்றால் தீவில் ஐந்து; அதற்குள் நாங்கள் கரையேறிவிடுவோம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இப்போது அங்கே மூன்று மணி. எடுக்காமல் விடலாம். விட்டால் பயந்துவிடுவார். மகளை ஒரு கையில் அள்ளிக்கொண்டு குறுகலான படிகளில் இறங்கி, கீழே இருந்த அறைக்குள் ஓடினேன். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். மரச் சுவர். ஹோட்டல் அறை என்று சொன்னால் நம்பலாம். உட்கார்ந்து, மூச்சை அடக்கி, பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"என்ன தாயி, எங்க இருக்கிய?"

"ரூம்லதான் மாமா. நாலாவது மாடி. வெயில் ஜாஸ்தி, அதான் ரெஸ்ட்."

"அங்க இப்ப ராகு காலம் நடக்கு. அதான் பிள்ள எப்படி இருக்கான்னு ஒரு எட்டு பாக்கலாம்னு..."

"நல்லா இருக்கா மாமா."

"ரூமு என்ன ஆடுது?"

"என் கைதான் மாமா ஆடுது. ஃபோன் வெயிட்டு."

"பொறத்தால சன்னல்ல நீலமா ஏறி ஏறி எறங்குதே, அது என்னது?"

"கர்ட்டன் மாமா. காத்துல."

"ஓ" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு மிக அருகில் வந்தார். அவருடைய ஒரு புருவம் மட்டும் தெரிந்தது. "அவன் எங்க?"

"படுத்திருக்கார்." அன்று நான் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

இதுவரை வாயே திறக்காமல் சமர்த்தாக இருந்த மகள், தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். கட்டிலில் மல்லாந்து, இரண்டு கால்களையும் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"தாத்தா! தேக்கோ! என் காலு நனையவே இல்ல. ஏக்தம் சூக்கா!"

திரை முழுக்கச் சாக்ஸ். அதற்குப் பின்னால் மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஹோட்டலின் நாலாவது மாடியில் இருக்கும் குழந்தை, கால் நனையவில்லை என்று ஏன் இவ்வளவு பெருமைப்பட வேண்டும்?

"சமத்துட்டி நீ" என்ற குரல் கேட்டது. "சரி தாயி, பாத்துக்கோ." அழைப்பு முடிந்தது.

மேலே வந்து வலையில் கிடந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணைத் திறக்காமலே, "அப்பாவுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, ரிலாக்ஸ்" என்றார். அவர் ரிலாக்ஸ் என்று சொன்ன எந்த விஷயமும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை.

அதன் பிறகு அந்தக் கடல் என் கண்ணில் படவில்லை. பாறை சிவப்பாக இருந்ததாம், கறுப்பாக இருந்ததாம். நான் பார்த்ததெல்லாம் அந்த ஒரு புருவம். 'நீ சொன்னா நான் நிம்மதியா தூங்குவேன்' என்று சொன்ன மனிதர். அந்த நம்பிக்கையை இரண்டு ஜோடி சாக்ஸுக்குள் வைத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன்.

கடைசி நிறுத்தம். ஆழம் குறைந்த, பச்சை நிறத் தண்ணீர். படகுப் பெண் என்னிடம் வந்தாள். "காலையிலிருந்து காவல் காக்கிறீர்கள். குழந்தையை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் இறங்குங்கள்."

"எனக்கு நீந்தத் தெரியாது."

"அங்கி மிதக்கும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொல்லி வருடக்கணக்காகிறது. மேலும், வாக்கு மகளின் காலுக்குத்தான். என் காலைப் பற்றி யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. குர்தாவோடும் அங்கியோடும் ஏணியில் இறங்கினேன். முழங்கால், இடுப்பு, "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம், அது என்னுடையதுதான். பிறகு மிதந்தேன். காதுக்குள் தண்ணீர். மேலே வானம் மட்டும். எனக்கு எதுவுமே கவலையாக இல்லை. அது ஒரு நிமிடம் இருந்திருக்கும். கவலையாக இல்லையே என்று கவனித்தேன். உடனே கவலை வந்துவிட்டது.

பின்படியில் படகுப் பெண்ணின் கையைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். தூரத்தில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் போனது. கப்பல் போய் மறைந்த பிறகுதான் அதன் அலை வந்தது. சோம்பேறித்தனமாக வந்து, படகைத் தூக்கி, படியில் ஏறி, சாவகாசமாக இறங்கியது. படகுப் பெண் மகளை விருட்டென்று தூக்கினாள். ஆனால் சாக்ஸ் இரண்டு ஜோடியும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன.

மகள் தன் கால்களைப் பார்த்தாள். தாத்தா திட்டுவாரே என்று உதடு பிதுங்கியது. "அம்மா! தாத்தா டாண்டேங்கே!"

நான் தத்தளித்து ஏணியைப் பிடித்து ஏறி, படியில் உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டேன். அழுகை நின்றது. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, இப்ப நனைஞ்சாச்சுல்ல? இனிமே உள்ள வந்தா என்ன?"

மீறப்பட்ட ஒப்பந்தத்தின் மிச்சப் பகுதி செல்லுமா, செல்லாதா? இதற்கு அலுவலகத்தில் நான் மூன்று பக்கம் குறிப்பு எழுதுவேன். அங்கே ஒரு சாக்ஸைக் கழற்றினேன். இன்னொன்றையும். அதற்குள் இருந்த இரண்டையும். படகுப் பெண் ஒரு பக்கம் பிடிக்க, தண்ணீருக்குள் இருந்த கடைசிப் படியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுக்கு இடுப்புவரை கடல். கால்களை உதைத்து உதைத்துச் சிரித்தாள். முதல் நனைவு கப்பல் செய்தது. இரண்டாவது நனைவு நான் செய்தது. பழியைப் போட வேறு ஆள் இல்லை.

டெல்லி திரும்பினோம். மாமா வாசல் கேட்டுக்கே வந்து பேத்தியை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டுவிட்டிருந்தால் தேவலை. மாறாக, தினமும் ஏதாவது ஒன்று சொன்னார்.

முதல் நாள், பேப்பரை மடித்தபடி: "அந்தப் பக்கம் கடல்ல இந்த வருசம் காத்து சாஸ்தியாம்."

"அப்படியா மாமா?"

மறுநாள்: "நாலாவது மாடின்னியே, லிஃப்டு உண்டா?"

"உண்டு மாமா."

அதற்கும் மறுநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே: "கர்ட்டன் என்ன துணி தாயி? நம்ம வீட்டுக்கும் ஒண்ணு அந்தக் கலர்ல வாங்கிப் போடலாமா?"

கணவருக்குப் புரையேறியது. நான் மோர் எடுக்க எழுந்து போனேன். அடுப்படியில் நின்றுகொண்டு பிரிட்ஜைத் திறந்து, மூடி, திறந்தேன்.

நட்சத்திரப் பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து பால்கனிக்குப் போனேன். துணி காயப்போடுவது எப்போதும் மாமாவின் வேலை. கொடியில் இரண்டு ஜோடி குட்டிச் சாக்ஸ், கிளிப் போட்டு, வரிசையாக. பெட்டியின் பக்கவாட்டுப் பையில் நான் ஒளித்து வைத்து மறந்துவிட்டவை. பக்கத்தில் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார்.

"வெறகு கணக்கா வெறச்சுப் போயிருந்துது தாயி" என்றார். "உப்பு. ரெண்டு தண்ணில அலச வேண்டியதாப் போச்சு."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "மாமா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். படகு, கப்பல், அலை, கடைசிப் படி. கப்பல் செய்தது எது, நான் செய்தது எது என்று பிரித்தே சொன்னேன். நான் முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"நீ கர்ட்டன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அதுக்குப் பொறத்தால ஒரு வெள்ளக்காரன் நீந்திப் போனான். நாலாவது மாடியில."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"அப்பவே ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். மொதப் பொய்யவே ஒன்னால தூக்க முடியல, கையி ஆடுது. ஃபோன வச்ச ஒடனே பஞ்சாங்கத்த எடுத்தேன். மொத மட்டம் வந்த நட்சத்திரத்தையே எடுத்துக்கிட்டா என்னன்னு பாத்தேன். அப்படி எடுத்தா நீங்க விமானம் ஏறுததுக்கு முன்னாலயே பிள்ளைக்கு அஞ்சு முடிஞ்சு போச்சு. சில ஊர்ல அப்படித்தான் எடுக்கான்."

"எந்த ஊர்ல மாமா?"

"ஏதாவது ஒரு ஊர்ல எடுக்காமலா இருப்பான்?"

"அப்ப நாளைக்கு அர்ச்சனை?"

"அது நாளைக்குத்தான். சாமிகிட்டப் போயி சில ஊர்லன்னு சொல்ல முடியுமா?"

எனக்கு வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டேவிட்டேன். "மாமா, இனிமே நான் சொன்னா நம்புவீங்களா?"

அவர் சாக்ஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, கிளிப்பை மாற்றிப் போட்டார். "ஒம் புருசனுக்குப் பொய் சொல்ல வரும். அதான் அவன நம்புததில்ல. ஒனக்கு அது வரல. வரப்போறதுமில்ல. பெறகு ஒன்ன நம்புததுக்கு என்ன?" எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "ஒண்ணு. இனிமே பொய் சொல்லுததா இருந்தா முன்னாலயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. கணக்க நான் அதுக்குத் தக்கன போட்டுருவேன்."

மறுநாள் காலை, கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளைக் குளிப்பாட்டக் குளியலறைக்குள் போனேன். வாளி விளிம்புவரை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் யாரோ எழுந்திருக்கிறார்கள்.

நான் இரண்டு சொம்பு தண்ணீரை எடுத்துக் கீழே ஊற்றினேன். கொஞ்சம் யோசித்து, ஒன்றைத் திரும்ப ஊற்றினேன்.